அவன் கேட்ட சத்தியம்

மதுரை
12 ஆகஸ்ட் 2003

அன்புள்ள சின்னண்ணனுக்கு,

ராதிகா எழுதுகிறேன். நான் சுகம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்திருக்கிறது, ராத்திரி தூங்குகிறாள். உன் உடம்பு எப்படி? வெயிலில் கம்பி கட்டிக் கட்டிக் கை தோல் உரிகிறது என்றாயே, மருந்து போடுகிறாயா?

போனில் எதுவும் பேச முடியவில்லை. நீ பூத்தில் நின்று பேசும்போது பின்னால் ஆட்கள் இருமுவது எனக்குக் கேட்கிறது. அதில் ஒரு இருமல் ராக்கப்பனுடையதாக இருக்கலாம். கேம்ப் விலாசத்துக்கு எழுதினால் தபாலைப் பிரித்துக் கொடுப்பவனும் அவன்தான். அதனால் நீ சொன்ன டைப்பிங் சென்டர் சித்தீக் பாயின் தபால் பெட்டி எண்ணுக்குப் போடுகிறேன்.

பெரியண்ணனை எரித்து மூன்று மாதம் ஆகிறது. ஊரில் எல்லோரும் விபத்து என்கிறார்கள். நான் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. நடந்ததை மட்டும் வரிசையாகச் சொல்லிக்கொள்கிறேன். பெரியண்ணன் கார்மேகம், விசா கொடுத்த கபீலோடு சண்டை போட்டு வெளியே வந்தான். விசா முடிந்தது. பொதுமன்னிப்பு கொடுக்கிறார்கள், போய்விடு என்று நீ கெஞ்சினாய். இன்னும் ஒரு சைட் முடித்துவிட்டுப் போகிறேன் என்றான். உன் கேம்ப்பில், உன் கட்டிலுக்கு அடியில் படுத்தான். கேம்ப்பில் எல்லாத் தமிழனுக்கும் தெரியும். ஒருவனும் வாய் திறக்கவில்லை. ராக்கப்பன் திறந்தான். போலீஸ் வண்டி வேறெங்கும் தேடாமல் உங்கள் ரூம் வாசலில் வந்து நின்றது. பெரியண்ணன் பின்பக்கமாகக் குதித்து ஹைவேயில் ஓடினான். லாரி.

உங்கள் இருவரையும் அங்கே கூட்டிப்போனவன் ராக்கப்பன். பக்கத்து ஊர்க்காரன். நாம் கும்பிடும் எல்லைக் கருப்புக்குத்தான் அவனும் கிடா வெட்டுகிறான். இப்போதும் அவன் உனக்கு ஃபோர்மேன். காலையில் அவனுக்கு வணக்கம் சொல்கிறாயா? இதை மட்டும் எழுது.

எம்.ஃபில்லுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. ஷியாமளா மேடம் கொடுத்தது. ஐரோப்பாவில் அறுநூறு வருடத்துக்கு முந்தைய நகரங்களில் யூதர்கள் எப்படி வாழ்ந்தார்கள், குற்றம் என்று வந்தால் எந்தக் கோர்ட்டில் நின்றார்கள் என்பது. மதுரையில் உட்கார்ந்து இதை ஏன் படிக்கிறாய் என்று ஹாஸ்டலில் சிரிக்கிறார்கள். மேடத்திடம் ஒரு பெட்டி ஜெராக்ஸ் இருக்கிறது, அதுதான் காரணம். ஆனால் படிக்கப் படிக்க உன் கேம்ப் போல இருக்கிறது. ஊர் அவர்களுடையது இல்லை. சட்டமும் அவர்களுடையது இல்லை. உள்ளுக்குள் தங்களுக்கென்று ஒன்று வைத்திருந்தார்கள். அதில் பெரிய குற்றம் கொலை இல்லை. தன் ஆளை வெளி அதிகாரியிடம் காட்டிக்கொடுப்பது.

சாப்பாட்டை விடாதே. பதில் போடு.

உன் தங்கை
ராதிகா


ஷார்ஜா
9 செப்டம்பர் 2003

அன்புத் தங்கை ராதிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். கைக்குத் தேங்காய் எண்ணெய் போதும். அம்மாவை உப்பு குறைக்கச் சொல்.

ஆமாம், வணக்கம் சொல்கிறேன். சொல்லாவிட்டால் உச்சி மாடி ஓரத்தில் என்னை நிறுத்துவான். அவன் பதிலுக்கு, "சாப்டியாப்பா?" என்கிறான். முன்பெல்லாம் தம்பி என்பான். அண்ணன் போனதிலிருந்து தம்பி என்று வாய் வருவதில்லை அவனுக்கு.

போன் செய்தது அவன்தான் என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. அன்று மத்தியானம் ஆபீஸில் அவன் பேசியதை வாட்ச்மேன் கேட்டிருக்கிறார். பரமக்குடிக்காரர் ஒருவர் அவன் முகத்துக்கு நேராகவே, "கூட்டிட்டு வந்தவனே கொண்டுபோயும் விட்டுட்டாப்ல" என்று சொன்னார். அவன் தொப்பியை எடுத்துத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான். அவன் மெஸ்ஸுக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். இதற்கு மேல் என்ன செய்வது? காட்டிக்கொடுத்தால் குற்றம் என்று இங்கே சட்டம் இல்லை. சட்டப்படி அவன் நல்லவன்.

அண்ணன் படுத்த என் கட்டிலடி இன்னும் காலியாக இருக்கிறது. பெட்டி கூட வைக்க மனசில்லை.

மதினி எப்படி இருக்கிறாள்? அவள் என்ன சொல்கிறாள்? எழுது.

அன்புடன்
சுரேஷ்குமார்


மதுரை
30 செப்டம்பர் 2003

சின்னண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழை தொடங்கிவிட்டது. உனக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், ஏசியை நேராகத் தலையில் வாங்காதே.

நீ எழுதிய ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். சட்டப்படி அவன் நல்லவன்.

அந்த நகரங்களிலும் அப்படித்தான் இருந்தது. காட்டிக்கொடுத்தவன் அரசனுக்கு நல்லவன். ஆனால் ஸ்பெயின் பக்கம் சில ஊர்களில் யூத சபை கூடி முடிவெடுக்கும். பிறகு அதே அரசனிடம் போய் நிற்கும். இவன் எங்களுக்கு ஆகாதவன், அனுமதி கொடு என்று கேட்கும். அரசனின் ஆட்களே கழுத்தை வெட்டுவார்கள். சபைக்காரன் கையில் ஒரு சொட்டு ரத்தம் படாது. நகரத்தின் கத்தி, நகரத்தின் மேடை. தீர்ப்பு மட்டும் இவர்களுடையது.

ஜெர்மன் பக்கம் வேறு மாதிரி. யூதனைத் தூக்கிலிட்டால் சில நகரங்களில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். இரண்டு பக்கமும் உயிரோடு நாய்களைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்தப் பக்கத்து ஜெராக்ஸ் ஓரத்தில் நான் ராக்கப்பன் என்று எழுதினேன். மேடம் பார்ப்பார்கள் என்று அழித்தேன். அழித்த இடம் கிழிந்துவிட்டது.

எனக்கு அழுகை வருவதில்லை. அம்மா அதைக் குறையாகச் சொல்கிறாள். எனக்கு வேறொன்று வருகிறது. பஸ்ஸில் போகும்போது, வகுப்பில், சோற்றைப் பிசையும்போது. அவன் கெட வேண்டும். நம்மால் கெட வேண்டும். நம்மால்தான் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

அங்கேயும் கோர்ட் இருக்கிறது. அதற்கு வேலை கொடுக்கத் தெரிந்தவன் உங்களில் ஒருவனும் இல்லையா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

ராதிகா


ஷார்ஜா
2 நவம்பர் 2003

அன்புத் தங்கைக்கு,

நலம். இப்போது நோன்பு மாதம், வேலை நேரம் குறைவு. சித்தீக் பாய் சாயங்காலம் கஞ்சி கொடுத்து அனுப்புகிறார். அம்மாவின் கால் வீக்கம் முழுக்கப் போய்விட்டதா? போன கடிதத்தில் மதினியைப் பற்றி எழுத மறந்துவிட்டாய்.

ஒன்று நடந்திருக்கிறது. போன மாதம் கேம்ப்பில் சாராயம் பிடித்தார்கள். பாத்ரூம்களுக்குப் பின்னால் குழாய்கள் போகும் இடுக்கில் டிரம் வைத்துக் காய்ச்சியிருக்கிறார்கள். அதைக் குடித்து பீகார்ப் பையன் ஒருவனுக்குக் கண் போய்விட்டது. பெரிய கேஸ். காய்ச்சியவர் நம் ஜில்லாக்காரர். அதற்கு முன்பே லீவில் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். பெயர் எழுதவில்லை. அந்த இடுக்குக் கதவின் சாவி ஃபோர்மேனிடம் இருப்பது. அதனால் ராக்கப்பனைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். சாவியைத் தவிர அவன் மேல் ஒன்றும் இல்லை. பார்த்தோம் என்று சாட்சி சொல்ல ஆள் வேண்டும்.

வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் நம்மாட்கள் எல்லோரும் கூடினோம். இரண்டு பேர் கதவருகே நின்றுகொண்டார்கள். பரமக்குடிக்காரர்தான் பேச்சை எடுத்தார்.

"அவன் காய்ச்சலேன்னு நமக்குத் தெரியும். கார்மேகத்தைக் கொன்னவன்னும் தெரியும். எந்தக் கேஸுல உள்ள போனா என்னப்பா?"

"கோர்ட்ல சத்தியம் பண்ணணுமாம்ல."

"அல்லா பேர்ல தானப்பா. அரபில நாலு வார்த்தை. நமக்கு எங்க ஒட்டப்போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் இறந்த பிறகு அந்த மெஸ்ஸில் சிரிப்புச் சத்தம் அன்றுதான் கேட்டேன். மூன்று பேர் சாட்சி என்று முடிவானது. பரமக்குடிக்காரர், இன்னொருவர், நான். "நீ சொன்னாத்தான்டா அது தீர்ப்பு. அண்ணன் ரத்தம்ல" என்று என் தோளைத் தட்டினார்கள். பிரியாணி போட்டார்கள்.

எனக்கு உறுதியாக ஒன்றும் வரவில்லை. அவன் செய்ததற்கு அவனை அடித்துக் கொல் என்றால் ஒருவேளை கொன்றிருப்பேன். செய்யாததைச் செய்தான் என்று சொல்வது நாக்கில் நிற்கவில்லை. நீ படித்தவள். செய்யவா, வேண்டாமா? மதினியைக் கேட்டு எழுது. புருஷனைப் பறிகொடுத்தவள் அவள்.

சுரேஷ்


மதுரை
21 நவம்பர் 2003

சின்னண்ணனுக்கு,

சுகம். அம்மா உனக்குப் பருப்புப்பொடி இடித்து வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்துவிடுவேன்.

செய்.

காரணம் கேட்பாய். பெரியண்ணன் செத்தது எந்தக் கோர்ட்டிலும் குற்றம் இல்லை. அப்படியென்றால் கோர்ட்டுக்கும் நமக்கும் உள்ள கணக்கில் ஏற்கெனவே ஒரு பொய் இருக்கிறது. நீ சொல்லப்போவது இரண்டாவது.

சத்தியத்தைப் பற்றி மெஸ்ஸில் பேசியதைப் படித்துச் சிரித்தேன். நான் படிக்கும் நகரங்களுக்கும் இதே சந்தேகம் இருந்திருக்கிறது. நம் சாமி பேரில் சத்தியம் செய்தால் யூதனைக் கட்டுமா? கட்டாது என்று பயந்தார்கள். அதனால் அவனை அவனுடைய வேதப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னார்கள். சில ஊர்களில் பன்றித் தோல் மேல் நிற்க வைத்தார்கள். பொய் சொன்னால் பூமி என்னை விழுங்கட்டும், வானத்திலிருந்து கந்தகம் கொட்டட்டும், குஷ்டம் பிடிக்கட்டும் என்று வரிசையாகச் சொல்ல வைத்தார்கள். எல்லாம் அவன் வேதத்திலிருந்தே எடுத்த சாபங்கள். ஒருவனைக் கட்ட அவன் பயத்தைத்தான் கயிறாகத் திரிக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

அது அந்தக் காலம். இன்று உன்னை அப்படி யாரும் கேட்கப்போவதில்லை. நாலு அரபி வார்த்தை. சொல்லிவிட்டு வா.

ராதிகா


ஷார்ஜா
11 ஜனவரி 2004

ராதிகாவுக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

முடிந்துவிட்டது. நடந்ததை எழுதுகிறேன்.

சித்தீக் பாயைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். தமிழ்க் கேஸ் என்றால் அவரைக் கூப்பிடுவது வழக்கம். நாங்கள் மூவரும் ஒரு பெஞ்சில். ராக்கப்பன் கம்பிக்கு அந்தப் பக்கம். மெலிந்திருந்தான். முதலில் பரமக்குடிக்காரர் எழுந்து கை தூக்கினார். அரபி வார்த்தைகளை முந்தின நாளே மனப்பாடம் செய்து வைத்திருந்தோம்.

அப்போது ராக்கப்பன், "பாய், ஜட்ஜய்யாட்ட ஒண்ணு சொல்லுங்க" என்றான்.

"என்ன?"

"இவங்க அல்லா பேர்ல அசராமப் பொய் சொல்லுவாங்க. அது இவங்க சாமி இல்லையே. எங்க எல்லைக் கருப்பு பேர்ல சொல்லச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல. கருப்பு பேர்ல சொல்லிட்டாங்கன்னா நானே ஒத்துக்கிறேன்."

சித்தீக் பாய் அரபியில் சொன்னார். நீதிபதி ஏதோ கேட்டார். பாய் விளக்கினார். கருப்பை அரபியில் எப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. நீதிபதி கொஞ்ச நேரம் ராக்கப்பனைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். பாய் எங்களிடம் திரும்பி, "அவங்கவங்க எதுக்குப் பயப்படுறீங்களோ அது பேர்ல சொல்லணுமாம்" என்றார்.

பரமக்குடிக்காரரின் தூக்கிய கை தானாக இறங்கியது. "நான் சரியாப் பாக்கலைங்க" என்றார். அடுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. காய்ச்சல் என்றார்.

நான் எழுந்தேன். ராக்கப்பன் என்னிடம் நேராகப் பேசினான். கத்தவில்லை. சாப்டியாப்பா என்று கேட்கும் அதே குரல்.

"கார்மேகத்தைச் சொல்லிக் குடுத்தது நாந்தான் சுரேசு. போன் போட்டது நாந்தான். புடிச்சா டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு நெனச்சேன். ஓடுவான்னு நெனக்கல. அதுக்கு நீ என்னைய என்ன வேணா செய்யி. வெட்டு. இந்தச் சாராயத்துக்கு வேணாம். இப்பச் சொல்லு, கருப்பு பேரச் சொல்லு."

அதை பாய் மொழிபெயர்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன். எல்லைக் கருப்பு மேல் ஆணையாக இவர் காய்ச்சியதைக் கண்ணால் பார்த்தேன் என்றேன். ராக்கப்பன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, "ஒத்துக்கிறேன் பாய்" என்றான்.

ஒரு வருடம், பிடித்த நாளிலிருந்து கணக்கு. அப்புறம் நாடு கடத்தல்.

அம்மாவிடம் கோர்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

சுரேஷ்


மதுரை
30 ஜனவரி 2004

என் சின்னண்ணனுக்கு,

கடிதத்தை ஹாஸ்டல் மாடிப்படியில் நின்றே படித்தேன். முடித்ததும் கீழே போய் ஒரு தட்டு ஜிலேபி வாங்கி, ரூமில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றார்கள். அண்ணன் ஜெயித்துவிட்டான் என்றேன்.

அவன் ஒத்துக்கொண்டானே. சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று வாய்விட்டுச் சொன்னானே. அது போதும் எனக்கு. டிக்கெட் போட்டு அனுப்புவார்கள் என்று நினைத்தானாம். பிடிபட்டவன் எவனும் அப்படி ஏதாவது சொல்லத்தான் செய்வான்.

மற்ற இரண்டு பேரும் கோழைகள். நீ ஒருவன்தான் பெரியண்ணனின் தம்பி.

நன்றாகச் சாப்பிடு. பருப்புப்பொடி வந்ததா?

ராதிகா


மதுரை
14 மார்ச் 2004

சின்னண்ணனுக்கு,

பதில் இல்லை. பூத்துக்குப் போன் செய்தால் நீ டியூட்டியில் இருக்கிறாய் என்கிறார்கள். வெள்ளிக்கிழமையும் டியூட்டி என்கிறார்கள்.

சுகமா? அதை மட்டுமாவது எழுது.

ராதிகா


ஷார்ஜா
18 ஏப்ரல் 2004

அன்புத் தங்கைக்கு,

சுகம்தான். பருப்புப்பொடி வந்தது. யாருக்கும் பங்கு போட வேண்டியிருக்கவில்லை, அதனால் இன்னும் இருக்கிறது.

மெஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. முதலில் எனக்குப் புரியவில்லை. தீர்ப்பு வந்த அன்று கை கொடுத்தார்கள். மறுநாள் காலை டீக்கு நான் போனபோது பேச்சு நின்றது. ராக்கப்பன் வந்தால் எப்படி நிற்குமோ அப்படி. ஒருநாள் குளிக்கும்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் பரமக்குடிக்காரர் பேசியது கேட்டது.

"கருப்பு பேர்லயே பொய் சொன்னவன்டா. நாளைக்கு நம்ம பேரெல்லாம் அவனுக்கு எந்த மூலைக்கு?"

"அவன் அண்ணனுக்காகச் சொன்னான்ணே."

"ராக்கப்பனாச்சும் உள்ளதைச் சொன்னான். இவன் இல்லாததையில்ல சொல்றான்."

சொல்லச் சொன்னது இவர்கள். பிரியாணி போட்டது இவர்கள். அரபியில் நானும் அவர்களும் ஒன்றாகப் பொய் சொல்லியிருந்தால் இன்று தோளில் கை போட்டிருப்பார்கள்.

போன வாரம் விசா முடிந்த ஒரு ஆள் ஒளிய இடம் கேட்டு வந்தான், விருதுநகர்ப் பக்கம். அண்ணன் படுத்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. அவனை அங்கே விடவில்லை. "அந்த ரூம் வேணாம்" என்று என் காதுபட அவனுக்குச் சொன்னார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை ராதிகா, நான் ராக்கப்பனைப் பார்த்த பார்வை அது.

மதினி என்ன சொல்கிறாள்? மூன்றாவது கடிதத்திலும் கேட்கிறேன்.

சுரேஷ்


நரியனேந்தல்
6 ஜூன் 2004

சின்னண்ணனுக்கு,

லீவுக்கு ஊர் வந்திருக்கிறேன். அம்மா பரவாயில்லை. உனக்கு ரூம் மாற்றித் தர மாட்டார்களா? கேட்டுப் பார்.

கேட்டுக்கொண்டே இருக்கிறாய், சொல்கிறேன். வடிவு மதினி நம் வீட்டில் இல்லை. போன ஆகஸ்டிலேயே அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். ராக்கப்பன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. போன் போடச் சொன்னதே அவள்தான் என்கிறாள். "எப்புடியாச்சும் ஊருக்கு அனுப்பிவிடுங்கண்ணே, அவருக்கு நாஞ் சொன்னாக் கேக்கல" என்று ராக்கப்பனிடம் போனில் அழுதாளாம். இதை உனக்கு எழுதினால் நீ தளர்ந்துவிடுவாய் என்று எழுதவில்லை. அழுதால் அழட்டும். போலீசுக்குச் சொல்லும்படியா அழுதாள்? போன் போட்டது அவன் விரல்.

இங்கே வேறொன்று. ராக்கப்பனின் மனைவி தாமரை எல்லைக் கருப்பு கோயிலில் காசு வெட்டிப் போட்டிருக்கிறாள். என் புருஷன் மேல் பொய் சொன்னவன் யாராக இருந்தாலும் அவன் குடும்பத்தை நீயே கேள் என்று நாணயத்தை இரண்டாக வெட்டிப் பீடத்தில் போட்டுவிட்டாள். இரண்டு ஊரும் சேர்ந்து கும்பிடும் கோயில். காசு கிடக்கும்வரை கிடா வெட்ட முடியாது. அவள் வெட்டும்போது மதினி பக்கத்தில் நின்றாளாம்.

எனக்குக் கருப்பும் இல்லை, காசும் இல்லை. ஆனால் ஊரில் தண்ணீர் எடுக்கப் போனால் குடங்கள் நகர்கின்றன.

ஒன்று படித்தேன். அந்த நகரங்களில் சிறையிலிருந்து ஒருவனை விடும்போது, இதற்காக நகரத்தின் மேலோ யார் மேலோ பழி வாங்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய வைப்பார்களாம். யூதன் என்றால் அவன் முறைப்படி. செய்தால்தான் கதவு திறக்கும். அங்கே விடும்போது அப்படி ஏதாவது கேட்பார்களா? சித்தீக் பாயிடம் விசாரித்து எழுது. தண்டனையில் கொஞ்சம் கழித்து அவன் செப்டம்பரில் வந்துவிடுவான் என்கிறார்கள்.

ராதிகா


நரியனேந்தல்
24 செப்டம்பர் 2004

சின்னண்ணனுக்கு,

ஜூனில் எழுதியதற்கு உன் பதில் வரவில்லை. சுகமாக இருப்பாய். நானும் சுகம், வலது கையில் மட்டும் கொப்புளம். அதனால் கையெழுத்து இப்படி.

ராக்கப்பன் வந்துவிட்டான். வந்ததும் இரண்டு ஊரும் கோயிலில் கூடின. காசு விஷயத்தை முடிக்க வேண்டும் என்றார்கள். சாட்சி சொன்ன நீ இங்கே இல்லை, உன் ரத்தத்தில் ஒருவர் நின்று, அண்ணன் சொன்னது நிஜம் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால் போதும், காசை எடுத்துவிடலாம் என்று பேச்சு. அம்மா எழுந்தாள். நான் உட்கார வைத்துவிட்டு எழுந்தேன்.

அவன் தலை முழுக்க நரைத்திருந்தது. தாமரை சூடத்தை ஏற்றினாள். அவன் என் எதிரில் வந்து நின்றான்.

"தங்கச்சி, அண்ணன் சொன்னது நெசமா?"

நான் பதில் சொல்வதற்குள், "யோசிச்சுச் சொல்லும்மா. அவசரம் இல்ல" என்றான். மறுபடி கேட்டான். கெஞ்சுகிறான் என்று தெரிந்தது. இதற்காகத்தான் ஒரு வருடம் காத்திருந்தேன். ஊர் முன்னால், நான் ஒருத்தி இல்லை என்றால் தப்பிவிடுவான் என்ற இடத்தில் அவனை நிறுத்தி, தப்பவிடாமல் இருப்பது.

நம்பாதவளை எந்தச் சத்தியம் கட்டும்? "நெசம்" என்றேன். உள்ளங்கையை வைத்து அணைத்தேன். சூடம் உடனே அணையவில்லை. அழுத்திப் பிடித்தேன்.

மதினி ஒரு சத்தம் போட்டாள்.

"சரிம்மா" என்றான் ராக்கப்பன். அவ்வளவுதான். அவன் முகத்தில் கோபம் இல்லை, தோற்ற களையும் இல்லை. ரொம்ப நேரம் என் கையையே பார்த்தான். பிறகு தாமரையைக் கூட்டிக்கொண்டு நடந்தான். பூசாரி பின்னாலேயே ஓடி, "காசை எடுக்கலையாப்பா?" என்றார். "அது கெடக்கட்டும் சாமி" என்று திரும்பாமல் சொன்னான்.

ஏன் எடுக்கவில்லை என்று ஊர் பேசிக்கொண்டிருக்கிறது. பயந்துவிட்டான், வேறென்ன. நாம் ஜெயித்தோம் அண்ணா. உன் வார்த்தை இப்போது நம் இருவருடையது.

கைக்கு மஞ்சள் வைத்திருக்கிறேன். நீ கவலைப்படாதே.

ராதிகா


ஷார்ஜா
30 ஆகஸ்ட் 2004

(மேலே பென்சிலில், ராதிகாவின் கையெழுத்தில்: கையில் கிடைத்தது அக்டோபர் 9)

அன்புத் தங்கை ராதிகாவுக்கு,

நான் நலம். இப்போது நிஜமாகவே நலம். சித்தீக் பாய் லீவில் கீழக்கரை போகிறார். தபாலை நம்பாமல் அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ராக்கப்பண்ணன் ஊர் வருவதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும்.

மதினி சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ ஒரு வருடம் முன்பே சொல்லியிருக்கலாம். பரவாயில்லை. நான் பொறுத்துக்கொண்டே இருந்தேன், முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை ஜெயிலுக்குப் போய் அவரைப் பார்த்தேன். நடுவில் கண்ணாடி, இரண்டு பக்கமும் போன். முதலில், "சாப்டியாப்பா?" என்றார்.

நான் கருப்பு பேரில் பொய் சொன்னேன் என்று சொன்னேன். "அது எனக்குத் தெரியாதாப்பா?" என்றார். உங்களுக்குத் தெரியும், ஆனால் என் வாயால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றேன். கார்மேகம் ஓடின ஓட்டம் தினமும் கண்ணில் வருகிறது என்றார். இரண்டு பேரும் அழுதோம். போலீஸ்காரர் நேரமாகிவிட்டது என்று தட்டினார்.

வைக்கும் முன்னால் ஒன்று கேட்டார். "ஒன் தங்கச்சிக்குத் தெரியுமா?"

முதல் நாளிலிருந்தே தெரியும் என்றேன். மறைக்கப் பிடிக்கவில்லை.

"அப்பச் சரி. ஊருக்குப் போனதும் தாமரையக் காசை எடுக்கச் சொல்லிருவேன். நீ சொல்லிட்ட. அந்தப் புள்ளையும் ஒரு வார்த்தை சொல்லிருச்சுன்னா முடிஞ்சுபோச்சு. அதுட்ட மட்டும் ஒருக்கக் கேட்டுக்கிறேன்" என்றார்.

அதனால் அவர் வந்து உன்னைக் கேட்பார் ராதிகா. எங்கே வைத்துக் கேட்பார் என்று தெரியாது. கோயிலாகக் கூட இருக்கலாம். ஊர் இருக்கும். உனக்கு வெட்கமாக இருக்கும். பரவாயில்லை, இல்லை என்று சொல்லிவிடு. அவருக்குத் தெரிந்ததைத்தான் நீ சொல்லப்போகிறாய். நீ சொல்கிறாயா என்றுதான் பார்ப்பார்.

அம்மாவை நான் கேட்டதாகச் சொல். மதினியைப் போய்ப் பார். உன் படிப்பு எதுவரை வந்திருக்கிறது?

உன் அண்ணன்
சுரேஷ்குமார்